கிண்டாத மண்

விடியற்புறத்தில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த சுமித்திராவின் ஈர்க்கு விளக்குமாறு, கிணற்றடிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த வெறும் மண்ணில், என்றுமில்லாதபடி சரசரவென்று தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். பென்சில் குத்தியதைப் போலத் துளைகள்; ஒவ்வொன்றையும் சுற்றி, சலித்தெடுத்த ரவையைப் போல ஈரப் புதுமண். ஏழெட்டு இருக்கும். நேற்றுப் பின்னேரம் கூட்டும்போது ஒன்றுமில்லை.

"அத்தான், ஒருக்கா வந்து பாருங்கோ."

கதிர்காமநாதன் வாயில் பிரஷ்ஷோடு வந்தார். அவர் அவளுடைய அக்கா ரஜிதாவின் புருசன். யுத்தச் சண்டையில் அக்கா செத்துப்போனபிறகு இவளைக் கட்டினார். கட்டிப் பதின்மூன்று வருசமாகியும் அவளுக்கு அந்தப் பழைய அத்தான் என்ற சொல் வாயை விட்டுப் போகவில்லை.

"எறும்பு," என்றார். குனியவில்லை.

கூட்டித் தள்ளினாள். மறுநாள் இருபது. அதற்கு மறுநாள் எண்ண முடியவில்லை. வெயில் ஏற ஏற, தூரத்தில் எங்கோ உழவு மெசின் ஓடுவதைப் போல ஒரு மெல்லிய இரைச்சல். காதைத் தீட்டிக் கேட்டால், தூரத்தில் இல்லை, காலுக்குக் கீழே.

நாலாம் நாள், பக்கத்துக் காணி ஹாலிதா இடியப்பத்தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், முற்றத்தில் நின்று சிரித்தாள்.

"எறும்போ? ஆர் சொன்னது? இது மண்ணுக்குள்ள இருக்கிற தேனீ, சுமித்திராக்கா. செட்டிகுளத்தில உம்மா வீட்டிலயும் வந்தது. சும்மா விட்டால் ஒண்டும் செய்யாது."

"ஏன் இந்த இடத்தில மட்டும்?"

"கட்டி நிலத்தைத் துளைக்க அதுக்கென்ன விசரோ? ஆரும் கிண்டி மூடின மண்ணெண்டால் தேடி வரும். பழைய கக்கூசுக் குழி ஏதும் இருந்ததோ?"

"இல்லையடி. இது கல்நிலம். மண்வெட்டியே இறங்காதெண்டு அவர் சொல்லுறவர்."

"அப்ப உங்கட மனிசனுக்குத் தெரியாதது பூச்சிக்குத் தெரிஞ்சிருக்கு."

இராச்சாப்பாட்டில் சுமித்திரா இதைச் சொன்னாள். அவருடைய கை சோற்றில் நின்றது. பிறகு பிசைந்தது.

"ஹாலிதா என்ன, தேனீக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவவோ? நீ அங்கால போகாதை. கொட்டினால் தாங்கமாட்டாய். மண்ணெண்ணெய் ஊத்திறன். வாற கிழமை முத்தத்துக்குச் சீமெந்து போடுவம், உனக்கும் கூட்டுற வேலை மிச்சம்."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எவ்வளவு அக்கறை. அன்றிரவு யன்னலால் வந்த மண்ணெண்ணெய் மணத்தோடேயே நிம்மதியாகப் படுத்தாள். காலையில் துளைகள் இரண்டு மடங்கு.

சீமெந்து விலை கேட்க அவர் மாங்குளத்துக்குப் போன அன்று மத்தியானம், உடுப்புத் தோய்த்துவிட்டு, ஈரச் சேலையைப் பிழிந்தபடி கிணற்றுக் கட்டில் ஏறி நின்றாள். உயரத்தில் நின்று பார்த்தபோதுதான் அவ்வளவு துளைகளும் ஒன்றாகத் தெரிந்தன. கிணற்றடியிலிருந்து பதினைந்தடி நேராக ஓடின. அங்கே ஒரு முறி. வலப்பக்கம் திரும்பி இன்னும் ஐந்தடி. பிறகு வெறும் தரை. விளிம்பு, கோடு கீறியதைப் போல.

அந்த வடிவம் அவளுக்குத் தெரியும். பருத்தித்துறை வீட்டில் அப்பா வெட்டியதும் அப்படித்தான். செல் குண்டு சிதறினால் துண்டு நேரே உள்ளே வரக்கூடாது என்று எல்லாரும் மடக்கித்தான் வெட்டுவார்கள்.

பங்கர். பதுங்குகுழி.

"இஞ்ச பங்கர் வெட்டேலாமல் போச்சு. கல்நிலம். அதாலதான் ஓடினனாங்கள். ஓடேக்கைதான் ரஜிதாவுக்குச் செல் பட்டது." எத்தனை தரம் அத்தான் சொல்லியிருப்பார். தெருவோரம் ஒரு பாலைமரத்தைக் காட்டி, இதுக்குக் கீழதான் அவளைத் தாட்டனான் என்றார். வருசாவருசம் அந்த மரத்தடியில் கற்பூரம் கொளுத்தி அவள் அழுதாள். அவர் பக்கத்தில் நின்று அவளுடைய முதுகைத் தடவினார்.

சேலை கையிலிருந்து விழுந்தது.

கிணற்றடியில் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்தாள். முறியில் குத்தினாள். கல் இல்லை. மாவில் இறங்குவதைப் போல இறங்கியது. இன்னொரு குத்து. மண் சரிந்து ஓர் ஆள் நுழையும் வாய் திறந்தது; அலவாங்கு கைநழுவி உள்ளே போனது. விழுந்த சத்தம் பிந்திக் கேட்டது.

தேனீக்கள் எழும்பின. கொட்டவில்லை. அவளைச் சுற்றி ஒருதரம் பறந்து மீண்டும் உள்ளே போயின.

குப்புறப் படுத்தாள். உள்ளிருந்து குளிர்ந்த மூச்சைப் போல ஒரு காற்று. பழைய துணி மணம். கண் பழகியது. கூரையில் பனங்குற்றிகள். வரிசையாக. ஒன்றுகூட முறியவில்லை. செல் விழவில்லை. மறுகோடியில் மண்படிகள். படிகளின் வாசலில், வெளியிலிருந்து அடுக்கிய மண்மூட்டைகள். அவற்றின் சாக்கு இந்தப் பக்கம் கிழிந்திருந்தது. விரல் விரலாக.

தெருப் படலை திறந்தது. மோட்டார்சைக்கிள் நின்றது. செருப்புச் சத்தம், அவசரமில்லாமல்.

அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"போகாதையெண்டு சொன்னனானெல்லே."

"அக்கா..." துளைக்குள் கையை நீட்டினாள்.

"உன்னைத்தானே நான் முதல் கேட்டு வந்தனான். மூத்தவ இருக்க இளையவவைத் தரேலாதெண்டு உன்ர அம்மாதான் ஒரே பிடியில நிண்டவ."

"அப்ப அக்கா உயிரோடயோ..."

"செல் சத்தத்தில முதல் ஒண்டும் கேக்கேல்லை." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "பேந்து கேட்டுது. மூண்டு நாள்."

எழும்பப் பார்த்தாள். பிடரியில் அவருடைய கை. பாரமான கை. முதுகு தடவிய அதே சூடு.

அவர் துளைக்குள் குனிந்தார். கோபமில்லை. குழந்தையை எழுப்பும் குரல்.

"ரஜி. தங்கச்சி வந்திருக்கிறா."

இரைச்சல் நின்றது. அவ்வளவும். ஒரேயடியாக.

கீழே, இருட்டில், யாரோ ஒதுங்கி இடம் விட்டார்கள்.