சரீரப் பிணை

மற்ற வழக்கேடுகள் எல்லாம் காய்ந்து, கை பட்டாலே ஓரம் உதிரும் நிலையில் இருக்க, சிங்கராசாவின் வழக்கேடு மட்டும் ஈரமாக இருந்தது.

அதைத் தொட்டபோதே அருள்நாயகியின் விரல்களில் குளிர் ஏறியது. மன்னாரில் அது மழைக்காலமல்ல; சோளகக் காற்று மண்ணை அள்ளிக் கண்ணில் போடுகிற காலம். நீதிமன்ற ஆவண அறையைப் பார்க்கும் எழுதுவினைஞர் யோகராசா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு அதே ஏட்டுக் கட்டுக்குள் மேலேயும் கீழேயும் இருந்த ஏடுகளைத் தடவிப் பார்த்தார். அவற்றில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கந்தோரில் வேலை செய்கிறவர்களுக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும்; எலி மூத்திரமாக இருக்கும் என்று முடிவு கட்டினார். எலி மூத்திரம் கடல் மணக்காது என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது.

அந்த ஏட்டைத் தேடி அவள் நாயாய் அலைந்திருந்தாள். பழைய குற்ற வழக்கொன்றைப் பார்க்கவேண்டும் என்று போய் நின்றால் முதலில் வழக்கிலக்கம் கேட்பார்கள். இலக்கம் தெரியாவிட்டால் வருடத்தைச் சொல்லவேண்டும்; அந்த வருடத்துப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து இலக்கத்தை எடுத்து, பிறகுதான் ஆவண அறையைத் திறப்பார்கள். அவளுக்கு வருடமும் தெரியவில்லை. பாப்பரசர் மடு மாதா கோயிலுக்கு வந்த வருடம் என்றாள். யோகராசா சிரித்தபடி சரியான பதிவேட்டை இழுத்தார்.

சைப்பிரஸ் நாட்டில், படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குச் சரிவந்திருந்தது. போவதற்குப் பொலிஸ் நற்சான்று வேண்டும். அங்கேதான் சிக்கல். முடியாத வழக்கொன்றில் உங்கள் பெயர் கிடக்கிறது, நீங்கள் பிணை நின்றவர் மட்டும்தான் என்பதற்கு நீதிமன்றத்தில் அத்தாட்சிப் பிரதி எடுத்து வாருங்கள் என்று பொலிசில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிரதி கிடைத்தால் அவள் போகலாம். கிடைக்காவிட்டால் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் பேசாலையில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கிற அந்த வீட்டிலேயே கிடக்கவேண்டியதுதான்.

வழக்கு அவளுடைய புருசனின் வழக்கு. சிங்கராசா வலைத் தகராறில் பஸ்ரியன் என்ற கூட்டாளியைத் துடுப்பால் அடித்துக் காலை முறித்தார். அந்தத் துடுப்பு வீட்டுக்குள்ளும் வேலை செய்தது என்பது நீதிமன்றத்துக்குத் தெரியாது. அவரைப் பிணையில் எடுக்க ஆள் இல்லாததால் அவள்தான் கையெழுத்து வைத்தாள். சரீரப் பிணை என்றார்கள். வழக்குக் கூப்பிடும் தவணைக்குத் தவணை ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது இனி உன் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம் சொன்னார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருநாள் அவர் தொழிலுக்குப் போனார். படகு மட்டும் மணல் திட்டி ஒன்றில் ஒதுங்கியது. உடல் வரவில்லை. அவள் அழுதாள், அழுது முடிந்த அன்று, இனி அடிக்க ஆள் இல்லை என்று நினைத்து, அப்படி நினைத்ததற்காகவும் அழுதாள். நீதிமன்றத்துக்கு ஒருவரும் எதுவும் அறிவிக்கவில்லை. அங்கே பிடியாணை பிறப்பித்துவிட்டு வழக்கைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

பிடியாணை இன்னும் உயிரோடு இருப்பதால் சும்மா பிரதி தரமுடியாது, நீதவானின் கட்டளை வேண்டும் என்றார் யோகராசா. அதற்காகச் சட்டத்தரணி சுவேதினி நகர்த்தல் பத்திரம் என்ற மனுவைப் போட்டாள். சின்னப் பெட்டை, நல்ல பெட்டை. வழக்கைத் திறந்த மன்றில் ஒருதரம் கூப்பிடுவார்கள், ஆள் கடலில் காணாமல் போனவர் என்று நான் சொல்லுவேன், நீங்கள் வாய் திறக்காமல் நின்றால் போதும் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

கூப்பிட்டார்கள். நீதிமன்ற உத்தியோகத்தரான முதலியார் வாசலுக்குப் போய், வெளி விறாந்தையைப் பார்த்து, நீட்டி முழக்கி மூன்று தரம் சிங்கராசாவின் பெயரைக் கூப்பிட்டார். இத்தனை வருடங்களாக அந்தப் பெயரை யாரும் அவ்வளவு பெரிதாகச் சொல்லிக் கேட்டதில்லை. முதல் தரம், வெளியே நின்றவர்களின் பேச்சு நின்றது. இரண்டாம் தரம், சோளகக் காற்று விழுந்தது. வேப்பமரம் அப்படியே அசையாமல் நின்றது. மூன்றாம் தரம் கூப்பிட்டுவிட்டு முதலியார் காது கொடுத்துக் கேட்டார். கேட்டவர் தலையை மெல்லச் சரித்தார், தூரத்தில் எதுவோ பதில் வந்ததுபோல. பிறகு திரும்பிவந்து, ஆள் இல்லை என்றார்.

நீதவான் நிமிர்ந்து, பிணையாளி எங்கே, எதிரியை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். அருள்நாயகியின் கால்கள் தாமாகவே எழுந்தன.

"கடலுக்குப் போயிட்டார் ஐயா," என்றாள். "அடுத்த தவணைக்குக் கூட்டிக்கொண்டு வாறன்."

கரையூர்ப் பெண்கள் அந்த மன்றில் காலங்காலமாகச் சொல்லிவருகிற வசனம் அது. மீன் படும் நாளில் தவணை வந்தால் புருசன் படகேறுவான், பெண்சாதி வந்து இதைச் சொல்லித் தவணை வாங்கிப் போவாள். அவளும் அந்த நாட்களில் எத்தனையோ தரம் சொன்னதுதான். பயத்தில் வாய்க்கு வந்தது அது ஒன்றுதான். சுவேதினி பாய்ந்து எழுந்து ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள், அவசரம் என்று நீங்கள்தானே கேட்டீர்கள், நாளைக்கே கொண்டுவரட்டும் என்று நீதவான் எழுதிவிட்டார். முதலியார் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

விறாந்தையில் சுவேதினி தலையில் கைவைத்தாள்.

"ஏன் அக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வாயில வந்திட்டுது, பிள்ளை."

"சரி, விடுங்கோ. விடிய நான் எல்லாத்தையும் விளங்கப்படுத்துறன். இல்லாத ஆளைக் கொண்டுவா எண்டு ஆரும் கேக்கேலாது."

அது நியாயமான பேச்சு. பஸ்ஸில் ஏறும்வரை அருள்நாயகி அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஜன்னலோரம் இருந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபோது விரல்களிலிருந்து அந்த மணம் வந்தது. ஏட்டைத் தொட்டது போன கிழமை. அதற்குப் பிறகு எத்தனை தரம் சவுக்காரம் போட்டாள், மீன் வெட்டினாள், தேசிக்காய் தேய்த்தாள். உப்பும், மண்ணெண்ணெயும், ஊறிப்போன கயிறும் சேர்ந்த மணம். தொழிலுக்குப் போய்வந்து அவர் சேட்டுச் சட்டையைக் கழற்றும்போது வீட்டை நிறைக்கிற மணம். அவள் கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள்.

பேசாலையில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அவளுடைய வீட்டு வாசற் படலையடியில் நாள் முழுக்கப் படுத்துக்கிடக்கும் கழுதைகள் அங்கே இல்லை. தெருவின் அந்தக் கரையில் கூட்டமாக நின்றன, குட்டிகளை நடுவில் விட்டு, எல்லாம் கடலைப் பார்த்தபடி. அவள் கையைத் தட்டினாள். ஒன்றுகூடக் காதை அசைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெற்றிசியா குடும்பத்தோடு மடுவுக்குப் போயிருந்தாள். அந்த வீடு பூட்டிக்கிடந்தது. அங்காலே இருப்பது வெறும் வளவும் பனைகளும்தான். ஒரு சொல் பேச ஆள் இல்லாத பின்னேரங்கள் அவளுக்குப் புதிதல்ல. இன்றைக்கு மட்டும் யாராவது ஒருவர், கடன் கேட்டாவது, படலையைத் திறந்து வரமாட்டாரா என்று மனம் ஏங்கியது.

விளக்கைப் போட்டாள். தேத்தண்ணி வைத்தாள். அறையில் பாதி அடுக்கிய பயணப் பை திறந்தபடி கிடந்தது. இரண்டு குளிர்ச்சட்டை, செபமாலை, கிழவியின் வீட்டுக்காரருக்குக் கொடுக்க வாங்கிய பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டான். அதைப் பார்க்க நெஞ்சு கொஞ்சம் ஆறியது. நாளைக்குப் பிரதி கிடைக்கும். பிறகு இந்த வீட்டைப் பூட்டித் திறப்பைப் பெற்றிசியாவிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடலாம்.

அப்போதுதான் கடல் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது.

இந்த நேரத்தில் படகுகள் வெளியே போகும், உள்ளே வராது. அதுவும் இது சீராக ஓடுகிற எஞ்சின் அல்ல. ஓடி ஓடி, இடையில் ஒரு தரம் மூச்சுத் திணறி, திரும்பவும் பிடித்து ஓடுகிற எஞ்சின். அதைத் திருத்தக் கொடுங்கோ என்று அவள் புருசனிடம் சொன்னதற்கு ஒருமுறை கன்னத்தில் வாங்கியிருக்கிறாள். சத்தம் கரைக்குக் கிட்ட வந்தது, கிட்ட வந்தது, மணலில் அடிப்பலகை உரசியது, நின்றது. அவள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

சுவேதினிக்குப் போன் எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

பின்கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். கதிரையை இழுத்து முட்டுக்கொடுத்தாள். மாதாவே என்றாள். 

மணலில் நடை. ஈரக் காலின் நடை, மணல் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம். வலது கால் அழுத்தி, இடது கால் இழுத்து, சிங்கராசா நடக்கிற நடை. கிணற்றடியில் நின்றது. அவர் எப்போதும் அங்கே நின்று கால் கழுவுவார். வாளி கிணற்றுக்குள் விழுந்தது. தண்ணீர் மேலே வந்தது. ஊற்றுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது, எவ்வளவு ஊற்றியும் போகாத எதையோ கழுவுவதுபோல.

பிறகு ஒன்றுமில்லை.

அவள் குசினிச் சுவரோடு ஒட்டி நின்றாள். காத்திருந்தாள். பின்கதவு அசையவில்லை. காற்று இல்லை. நாய் இல்லை. தன் மூச்சு மட்டும்.

முன்னறையில் கதிரை கிரீச்சிட்டது.

விளக்கு மங்கியது, அணையவில்லை. அவள் ஓடியிருக்கலாம். பின்கதவுக்கு அவளே முட்டுக்கொடுத்திருந்தாள். முன்வாசலுக்கு முன்னறையால்தான் போகவேண்டும். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். மணம் முன்னே வந்தது.

அவர் கதிரையில் வாசலைப் பார்த்தபடி இருந்தார். முதுகு அவள் பக்கம். தவணை நாட்களில் நீதிமன்றத்துக்குப் போக வெளிக்கிட்டு இப்படித்தான் நேராக நிமிர்ந்து இருப்பார். வெறும் மேலுடம்பு. முதுகில் பாசி. கதிரையின் கீழே தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது.

"நாயகி," என்றார். அவ்வளவு மெதுவாக அவர் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "சேட்டை எடு. தவணைக்குக் கோட்டுக்குப் போகவேணும்."

அவருடைய உடுப்புகளை அவள் எப்போதோ கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள். ஒன்றையும் வைத்திருக்கவில்லை.

"இஞ்சேருங்கோ." அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சேட்டு இல்லை. நீங்கள் வரவேண்டாம். நான் சொல்லுறன். நீங்கள் செத்துப் போயிட்டீங்கள் எண்டு நான் சொல்லுறன்."

"கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொன்னனீ."

அவள் அசையவில்லை. அவர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். சேட்டுக்காக நீட்டிய கை. விரல்களில் சிப்பி படிந்திருந்தது. நகங்கள் இல்லை. கை காத்துக்கொண்டிருந்தது. பிறகு, பார்க்காமலே, அவளுடைய மணிக்கட்டைக் கண்டுபிடித்தது.

அப்போது அவர் திரும்பினார்.

முகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. மீன்கள் மிச்சம் வைக்கவில்லை. அந்தக் கண்கள் இல்லை, மீசை இல்லை, தெருவில் யாரும் இதைச் சிங்கராசா என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பிடி அவளுக்குத் தெரிந்த பிடி. பெருவிரல் நரம்பின்மேல், மற்ற விரல்கள் எலும்பைச் சுற்றி, இழுத்தால் இறுகுகிற பிடி.

தெருவில் தலைமன்னார் பஸ் வந்தது. படலையடியில் வேகம் குறைத்தது. இறங்கவும் ஏறவும் ஆள் இல்லை என்று கண்டு போய்விட்டது. அவள் கத்த வாயைத் திறந்தாள். தண்ணீர் அவளுடைய பாதங்களைத் தொட்டது. பிடி தளரவில்லை.