வெறும் ஆணி

லா சப்பலில் பத்திநாதரின் அறைக் கதவை அற்புதராணி தட்டியபோது அவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மன்னாரில் பொலிஸ் சார்ஜனாக இருந்தவர். இப்போது, 1988இல், பிரெஞ்சுத் தலைநகரின் கார் து நோர் ரயில் நிலையத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அறையைப் பங்குபோட்ட வின்சன்ற் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தான். இரவெல்லாம் உணவகத்தில் கோப்பை கழுவியவனுக்கு வழக்கு என்றால் தூக்கம் போய்விடும்.

"அண்ணை, என்னைக் கள்ளி எண்டு சொல்லுறாங்கள்."

"முதல்லை இரும், தங்கச்சி. என்ன களவு போனது?"

"செத்த மனிசன் ஒராளின்ரை படம்."

மகனை ராணுவம் கொண்டுபோனதிலிருந்து அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓவியக் கண்காட்சியில் அவள் துப்புரவு வேலை செய்தாள். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஆதிக்குடிகள் தாங்களே நடத்தும் ஓவியக்கூடத்திலிருந்து ஓவியங்கள் வந்திருந்தன. சிவந்த மண், நீர்ச்சுனைகள், எல்லாம் புள்ளிகளாக. வரைந்த கிழவர் தகரக் கூடத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரிய புகைப்படமும் தொங்கியது. நேற்று ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஓவியங்களோடு வந்து மாடியில் தங்கியிருந்த அவருடைய தங்கை மகள் டோரீன் படத்தின் முன் நின்று அழுதாள். கிழவர் இறந்துவிட்டார் என்று அற்புதராணிக்கு விளங்கிவிட்டது. எல்லோரும் போனபின் படத்துக்கு மாலை போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, அது அணைந்த பிறகு புறப்பட்டாள். காலையில் ஆணி மட்டும் இருந்தது. கீழே அவளுடைய மெழுகு.

"பின்னேரத்துக்குள்ளை படம் வராட்டி வேலை இல்லையாம். வேலைக் கடிதம் இல்லாட்டி வதிவிடக் காட் புதுப்பிக்கேலாது, அண்ணை."

"கண்காட்சி நடத்துற மதாம்தான் ஒளிச்சிருப்பா," என்றான் வின்சன்ற். "ஆள் செத்தா விலை கூடும்."

"உன்ரை மூளையை ஊறப் போடு. போய்ப் பாப்பம்."

மதாம் ஜெனவியேவ் மெழுகைக் காட்டிப் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். பத்திநாதர் மெதுவாக ஒரு சுற்று வந்தார். ஓவியங்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் கிழவரின் பெயர்மேல் காகிதம் ஒட்டியிருந்தது. நிறம் மங்கிய பிளாஸ்டிக் மாலை நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆணியின் கீழே ஒரு யூக்கலிப்டஸ் இலை, தூசியில் கூட்டிய கீறல்கள். மேசைச் சாடியில் நின்ற அதே மரக்கொப்புகளில் ஒன்று முறிந்திருந்தது.

"தங்கச்சி, இஞ்சை எதாலை கூட்டுவீர்?"

"தும்புத்தடியாலை. பிறகு ஈரத்துணி."

பத்திநாதர் வின்சன்றின் பக்கம் திரும்பினார். "கள்ளன் விலைபோற ஓவியத்தை விட்டிட்டுப் படத்தை ஏன் எடுக்கிறான்? எடுத்தாலும் பேரை ஏன் மறைக்கிறான்? மாலையை ஏன் மடிச்சு வைக்கிறான்? தும்புத்தடி மூலையிலை நிக்க, கொப்பை முறிச்சு ஏன் கூட்டுறான்? இது களவில்லையடா. செத்தவீடு."

"செத்தவீட்டிலை படத்தை மாட்டுறதெல்லோ?"

"அது எங்களுக்கு."

மாடியில் டோரீன் கதவைத் திறந்தாள். படம் போர்வையில் சுற்றிச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. பத்திநாதர் ஆங்கிலத்தில் கேட்டார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். அவர்கள் ஊரில் ஒருவர் இறந்தால் பெயரைச் சொல்வதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை. நடமாடிய இடத்தில் காலடிகளை இலைக்கொப்பால் கூட்டி அழிப்பார்கள். ஓவியக்கூடத்தில் அவர் உட்கார்ந்த மூலையை இந்நேரம் கூட்டியிருப்பார்கள். அங்கே அவளால் கூட்ட முடியாது, இங்கே கூட்டினாள். கீழே நடந்த பிரெஞ்சுச் சண்டை எதைப் பற்றி என்று அவளுக்குத் தெரியாது.

தெரிந்ததும் இறங்கி வந்து மதாமிடம் அவளே ஆங்கிலத்தில் சொன்னாள். மதாம் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்கும் வேலைக்கு வரச் சொன்னாள், அவ்வளவுதான்.

"நான் பிழை செய்துபோட்டன்," என்றாள் அற்புதராணி. பத்திநாதர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். டோரீன் தலையசைத்து மறுத்தாள். மாலையை எடுத்து அவள் கையில் வைத்து, அந்தக் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் வின்சன்ற் கேட்டான். "ஒண்டு விளங்கேல்லை, அக்கா. அந்த நேரத்திலை மாலை எங்கையிருந்து வந்தது?"

பத்திநாதர் அவன் தோளை அழுத்தினார். வின்சன்ற் அப்போதுதான் மாலையைப் பார்த்தான். பூக்கள் மடிப்போடு மடிப்பாக நசுங்கியிருந்தன. வெகுகாலம் பைக்குள் கிடந்த மாலை.

"மகனுக்கு வாங்கினது," என்றாள். "நானே போட்டா, செத்துப்போனான் எண்டு நானே சொன்னமாதிரி. அதுதான் போடேல்லை. அந்தக் கிழவருக்காவது உதவட்டும் எண்டு நினைச்சன்."

பழைய மடிப்பிலேயே மடித்து அதைக் கைப்பைக்குள் வைத்தாள்.