கணக்கில் சேராத பறவை

செவ்வாயில் மழை பெய்து முந்நூறு கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் தாமிரக் கவிகையில் வசித்த அறுநூற்றுப் பதினேழு பேரும் காலையில் குடை பிடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனார்கள். மேலே, கூரையின் உத்தரங்களில், கோழிகள் இருந்தன.

கவிகை என்பது ஒரு சிறிய ஊரையே மூடிக் கட்டிய கண்ணாடிக் கூரை. உச்சி உயரம் அறுபது மீட்டர். உள்ளே காற்று, வெளியே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல் என்பதால் எச்சம்கூட நிதானமாகத்தான் விழும். அண்ணாந்து பார்த்தால் விலகிக்கொள்ள நேரமுண்டு. ஆனால் வேலைக்குப் போகிற அவசரத்தில் யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? குடை சுலபம்.

முட்டைக்காகக் கொண்டுவந்த கோழிகள் அவை. சிறுவிடை வகை: உடம்பு சின்னது, தீனி குறைவு, ரோஷம் அதிகம். ஒன்றரைக் கிலோ கோழி செவ்வாயில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் கனக்கும். இறக்கை மட்டும் அதே இறக்கை. இந்தக் கணக்கைப் பொறியாளர்கள் போட்டுப் பார்க்கவில்லை, கோழிகள் போட்டுப் பார்த்துவிட்டன. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் பண்ணைப் பொறுப்பாளர் தங்கமாரியப்பன் தீவனச் சட்டியோடு கூண்டைத் திறந்தபோது நான்கு பெட்டைகளும் ஒரு சேவலும் அவர் தலைக்கு மேலே கிளம்பி, நிற்காமல் போய், நாற்பது மீட்டர் உயர உத்தரத்தில் உட்கார்ந்தன. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக, அதன் பிறகு ஏணி கொண்டுவந்தார்கள். இப்போது மேலே எழுபது கோழிகளாவது இருக்கும்.

அவற்றால் மகிழ்ந்த ஒரே ஆள் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி, வயது முப்பத்தாறு, காற்றுக்குழாய்ப் பிரிவில் வடிகட்டி சுத்தம் செய்யும் பொறுப்பு. செவ்வாய்க்கு வருகிறவர்களுக்குச் சொந்தச் சாமான் பன்னிரண்டு கிலோதான் அனுமதி. மற்றவர்கள் துணிமணி, ஊறுகாய், சாமி படம் கொண்டுவந்தார்கள். இவள் ஏழு கிலோவுக்கு ஒரு கேமராவும் நீள லென்ஸும் கொண்டுவந்தாள். ஒரு பறவைகூட இல்லாத கோளுக்குப் பறவைப் படம் எடுக்கும் லென்ஸோடு வந்தவள் என்று கவிகை முழுக்கச் சிரித்தது. அவளுக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. விட்டுவர மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

உலகப் பறவைப்பட வட்டத்தில் அவள் உறுப்பினர். நாற்பத்தொரு லட்சம் பேர் கொண்ட கூட்டம் அது. ஆளாளுக்கு ஒரு பட்டியல். எடுத்த படம் தேர்வுக் குழுவில் தேறினால்தான் பறவை பட்டியலில் ஏறும். பறவையின் கண் தெளிவாகத் தெரிய வேண்டும். தீனி போட்டு வரவழைத்திருக்கக் கூடாது. முக்கியமாக, வளர்ப்புப் பறவை கணக்கில் சேராது. தப்பிப்போன வளர்ப்புப் பறவை என்றால், மனிதர் கைத்தீனி இல்லாமல் மூன்று தலைமுறை வாழ்ந்து காட்ட வேண்டும். செண்பகவல்லியின் பூமிப் பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு இனங்கள். செவ்வாய்ப் பட்டியலில் ஏழு ஆண்டுகளாக ஒரே எண்: பூஜ்யம். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வட்டத்தினர் அந்தப் பூஜ்யத்துக்கு வாழ்த்து அனுப்புவார்கள். கேலிதான், ஆனால் பிரியமான கேலி.

சிக்கலை ஆரம்பித்து வைத்தவளும் செண்பகவல்லிதான். ஏழாம் காற்றுக்குழாயில் இறகு அடைத்துக்கொண்டதை அவள் கடமை தவறாமல் அறிக்கையாக எழுதிக் கொடுத்தாள். நிர்வாகி பிலோமினா அதைப் படித்துவிட்டு ஒரே வரியில் உத்தரவு போட்டார்: பூமியிலிருந்து புதியவர்களின் கப்பல் இறங்கும் நாள் காலை, வலைத்தும்பிகளை ஏவி உத்தரத்துக் கோழிகள் அனைத்தையும் பிடித்துச் சமையலறையில் ஒப்படைக்கவும். வலைத்தும்பி என்பது பறந்துபோய் வலை வீசும் சின்ன இயந்திரம். கப்பல் இறங்க இருபத்தொரு நாட்கள் இருந்தன.

செண்பகவல்லி ஓடினாள்.

"அக்கா, மேல இருக்கிற பறவைங்கள விட்டுருங்க. குழாய நானே ரெண்டு வேளையும் துடைக்கேன்."

"பறவையா?" பிலோமினா தூத்துக்குடிக்காரர், சிரிப்பை மறைக்கத் தெரியாதவர். "கோழின்னு சொல்லுட்டி."

"வாழிட உடன்படிக்கை பதினோராம் பிரிவு வாசிச்சிருக்கீங்களா?"

"அது கிருமிக்கு எழுதுனது."

"கிருமின்னு அதுல ஒரு எழுத்துகூட இல்லக்கா." செண்பகவல்லி கைத்திரையை நீட்டி வாசித்தாள். "செவ்வாயில் காட்டுயிராகத் தானே வாழும் எந்த உயிரினத்தையும், அவ்வினத்தைச் சேர்ந்த எதையும், எந்தக் கோளிலும் கொல்லவோ அடைத்து வைக்கவோ கூடாது."

செவ்வாய்க் கிருமியை யாராவது பூமிக்குக் கொண்டுபோய்ச் சோதனைக் குடுவையில் வளர்த்துவிடப் போகிறார்கள் என்ற பயத்தில், நூற்றுத் தொண்ணூறு நாடுகள் அவசரமாகக் கையெழுத்திட்ட வரி அது. கிருமி கிடைக்கவில்லை. வரி மட்டும் கிடந்தது.

"காட்டுயிர்னுதான போட்டிருக்கு? கோழி எப்பிடிட்டி காட்டுயிர் ஆகும்?"

"வட்டத்துப் பட்டியல்ல ஏறிட்டா ஆகும். எல்லா நாட்டு அரசாங்கமும் அந்தப் பட்டியலத்தான் வச்சிருக்கு."

அது உண்மை. எது காட்டுப் பறவை என்று கணக்கெடுக்க அரசுகளுக்கு நேரமில்லை. பொழுதுபோக்குக்காரர்கள் ஓசியில் எடுத்துக் கொடுத்தார்கள்.

பிலோமினா யோசித்தார். அவருக்குக் கோழிகள் மேல் கோபமில்லை. அறுநூறு பேரின் மூச்சுக்குப் பொறுப்பு அவர். "கப்பல் இறங்குற அன்னைக்குக் காலைல வரைக்கும் பொறுக்கேன். பட்டியல்ல ஏறலன்னா அடுப்புல ஏறும். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

அன்றிலிருந்து செண்பகவல்லி வேலை முடிந்ததும் பராமரிப்பு ஏணியில் ஏறி, இடுப்புக்கயிறு கட்டிக்கொண்டு உத்தரத்தில் கிடந்தாள். கோழியைக் கூண்டில் பார்த்த கண்ணுக்கு அங்கே கண்டது புதிதாக இருந்தது. கண்ணாடியில் வியர்த்துத் தொங்கிய நீர்த்துளியைப் பறந்துகொண்டே கொத்திக் குடித்தன. மகரந்தச் சேர்க்கைக்காகத் தோட்டத்தில் விட்டிருந்த ஈக்களைக் காற்றிலேயே பிடித்துத் தின்றன. நாற்பது மீட்டர் உயரக் கூட்டிலிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குதித்தன. முதல் குஞ்சு குதித்தபோது அவள் ஐயோ என்று கத்திவிட்டாள். அது சின்ன இறக்கையை விரித்து, வட்டமடித்து, அடுத்த உத்தரத்தில் இறங்கித் தன் தாயைத் தேடியது. அவள் அழுதாள். அழுதுகொண்டே படமும் எடுத்தாள்.

காலில் பண்ணை வளையமுள்ள முதல் பெட்டை, வளையமில்லாத அதன் மகள், அதன் குஞ்சு: மூன்று தலைமுறையும் ஒரே சட்டகத்தில் கிடைத்தது பத்தாம் நாள். அனுப்பினாள்.

செய்தி பூமி போய்ச் சேரப் பதினான்கு நிமிடம், பதில் வரப் பதினான்கு நிமிடம். பதில் ஐனோவிடமிருந்து வந்தது. ஐனோ தேர்வுக் குழுத் தலைவி, பின்லாந்தில் ஓய்வுபெற்ற நீதிபதி, வயது எழுபத்திரண்டு. செண்பகவல்லி தன் மொழிமாற்றியைக் கோவில்பட்டிப் பேச்சுக்கு அமைத்திருந்ததால் பனிநாட்டு நீதிபதியும் அவள் தெருக்காரியாகத்தான் பேசுவார்.

"படம் கண்ணுக்குள்ளயே நிக்குது தாயி. ஆனா ஒண்ணு. பண்ணைக் கோழிக்கும் இதுக்கும் நடத்தையில என்ன வித்தியாசம்னு பக்கத்துல வச்சுக் காட்டணும். அதுக்குப் பூமிக் கோழி படம் வேணும். நம்ம சேமிப்புல பதினொரு கோடிப் படம் கெடக்கு. தேடிப் பாத்துட்டோம். கோழி ஒண்ணுகூட இல்ல."

பூமியில் அப்போது மூவாயிரம் கோடிக் கோழிகள் இருந்தன. மற்றப் பறவைகள் அத்தனையையும் ஒரு தட்டில் வைத்தாலும் கோழித் தட்டுதான் தாழும். நாற்பத்தொரு லட்சம் பேர், நூறாண்டுகளாக, பறவை பறவை என்று மலையேறிக் கடல் தாண்டி அலைந்தவர்கள், ஒருவர்கூடக் கோழியைப் படமெடுக்கவில்லை. கணக்கில் சேராததை எதற்கு எடுப்பது?

வட்டம் அவசரச் செய்தி அனுப்பியது. உறுப்பினர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள், வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்கும் வழக்கம் ஒழிந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. இருந்ததெல்லாம் ஜன்னலில்லாத நீளக் கொட்டகைகள். நோய்த் தடுப்புக்காகப் பார்வையாளர் அனுமதி இல்லை. ஐனோவின் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் அப்படியொரு கொட்டகை. அவர் மூன்று நாள் போய் நின்று திரும்பினார். சிலர் அவசரத்துக்குத் தங்கள் சாப்பாட்டுத் தட்டைப் படமெடுத்து அனுப்பினார்கள். கண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற விதிப்படி அவை நிராகரிக்கப்பட்டன.

பத்தொன்பதாம் நாள் ஒரே ஒரு படம் வந்தது. நாமக்கல் உறுப்பினர் ஒருவர் ரயில்வே கேட்டில் நின்றபோது முன்னால் ஒரு கோழி லாரி நின்றது. அடுக்கிய கூண்டுகளின் கம்பி இடுக்கில் ஒரு வெள்ளைக் கோழி கழுத்தை நீட்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அது வானத்தைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. கண் தெளிவாக விழுந்திருந்தது. கண்ணுக்குள் மேகம்கூடத் தெரிந்தது.

ஏழு பேர் கொண்ட குழு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

இருபத்தொன்றாம் நாள் விடிந்தது. எட்டு வலைத்தும்பிகள் சதுக்கத்தில் வரிசையாக நின்றன. தங்கமாரியப்பன் பெரிய அண்டாவைக் கழுவி வைத்திருந்தார்.

"மனசத் தேத்திக்கோ தங்கச்சி. மசாலா அரைச்சாச்சு."

"பதினாலு நிமிசம் பொறுங்கண்ணே. கெளம்பிருக்கும், வந்துட்டிருக்கும்."

"பதினாலு நிமிசம் பதினாலு நிமிசம்னு காலையிலருந்து சொல்லுத."

பிலோமினா கையை உயர்த்தப் போனபோது செண்பகவல்லியின் கைத்திரை ஒலித்தது. ஐனோவின் குரல் சதுக்கம் முழுக்கக் கேட்டது.

"ஏறிட்டுது தாயி! ஏழு பேரும் ஒரே முடிவு. நீ எடுத்தது காட்டுப் பறவைதான். வித்தியாசம் தேடித்தேடிப் பாத்தோம். உடம்புல ஒண்ணுமில்ல. ரெண்டும் ஒரே இனம். கூரை உசரந்தான் வித்தியாசம். அதனால அந்த இனத்தையே பட்டியல்ல ஏத்திட்டோம்."

செண்பகவல்லி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏழு ஆண்டுப் பூஜ்யம் ஒன்றாகிவிட்டது. பிலோமினா மட்டும் உட்காரவில்லை. உடன்படிக்கையைத் திறந்து வரியை மறுபடி வாசித்தார். அவ்வினத்தைச் சேர்ந்த எதையும். எந்தக் கோளிலும். அடைத்து வைக்கவோ கூடாது. அவர் பார்வை மெல்லப் பண்ணைப் பக்கம் போனது. அங்கே கூண்டுகளில் இன்னும் முந்நூறு கோழிகள் இருந்தன.

"எட்டி, உன் சிநேகிதிக்கு இது தெரியுமா? பூமிக்கும் சேத்துல்லா போட்டிருக்கு!"

அந்தக் கேள்விக்குப் பதில் வர இருபத்தெட்டு நிமிடம் ஆனது. "நாப்பது வருசம் தீர்ப்பு எழுதுனவ தாயி நான்," என்றார் ஐனோ. "அந்த வரிய வாசிக்காமலா கையெழுத்துப் போட்டேன்?"

அன்று சமையலறையில் பூசணிக்காய்க் குழம்பு. தங்கமாரியப்பன் முணுமுணுத்துக்கொண்டே கூண்டுகளைத் திறந்தார். முதல் கோழி வாசல்படியில் வெகுநேரம் நின்று, அவரைப் பார்த்து, பிறகு எம்பியது. அவர் அண்ணாந்து அது உத்தரம் சேரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் நிர்வாகம் மேலும் ஐந்நூறு குடைகளுக்கு உத்தரவிட்டது. குழாய் துடைக்கச் செண்பகவல்லிக்கு உதவியாக ஆறு பேரைப் போட்டது.

பூமியில் அரசுகள் குதித்தன. பண்ணைக் கோழி பறவையே அல்ல என்று ஒரு நிபுணர் வாதாடினார். பின்னே எது என்று வட்டம் கேட்டது. தீர்மானிக்க ஒரு குழு போட்டார்கள். நேரில் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று குழு கேட்டது. நேரில் பார்க்கக் கொட்டகைகளைத் திறக்க வேண்டியிருந்தது. திறந்த கதவுகள் முன்னால் நாற்பத்தொரு லட்சம் பேர் கேமராவோடு காத்து நின்றார்கள்.

ஐனோவின் செய்தி ஒரு மாதம் கழித்து வந்தது. "ஆறாயிரம் இனம் எடுத்தவ தாயி நான். ஒரு ஆந்தைக்காக எரிமலை ஏறியிருக்கேன். வீட்டுக்குப் பக்கத்துல நாலு லட்சம் பறவை இருந்திருக்கு, ஒண்ணக்கூடப் பாத்ததில்ல. இன்னைக்குத்தான் பாத்தேன். படம் சரியா வரல, பாத்துக்கிட்டே நின்னுட்டேன். கதவத் தெறந்து வெளிய விட ஆரம்பிச்சிருக்காவ. நாளைக்கும் போறேன்."

நாற்பது நாள் தனிமைக்காப்பு முடிந்து புதியவர்கள் கவிகைக்குள் நுழைந்த காலை, வாசலில் நின்று குடை கொடுத்தவள் செண்பகவல்லி. தீர்த்தகிரி என்ற தர்மபுரி இளைஞன் குடையை வாங்கி விரித்தபடி கேட்டான்.

"செவ்வாயோட காட்டுப் பறவைன்னு தனிமைக்காப்புல காதுல விழுந்துச்சே, அது எங்கக்கா இருக்குது?"

அவள் மேலே காட்டினாள். சிவந்த வெயிலில் ஒரு சேவல் உத்தரத்திலிருந்து உத்தரத்துக்குப் பறந்து போனது. இறக்கையில் செம்பும் பச்சையும் மின்னின. அவன் வாய் பிளந்து பார்த்தான்.

"எவ்ளோ அழகா இருக்குது! பூமியில இந்த மாதிரி இல்லவே இல்லக்கா."

"இது கோழி தம்பி. பூமியிலருந்து வந்ததுதான். நீ அங்க பாத்ததே இல்லையா?"

தீர்த்தகிரி உத்தரத்தில் போய் உட்கார்ந்த சேவலை மறுபடி பார்த்தான்.

"இல்லக்கா," என்றான். "சாப்பிட்டிருக்கேன்."

பிறகு, மேலே சரியாகத் தெரியவில்லை என்று குடையை மடக்கினான். செண்பகவல்லிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் அவளும் தன் குடையை மடக்கிவிட்டு, கொஞ்ச நேரம் அவனோடு நின்றாள்.