பதினோராவது தட்டல்

மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து முறை தட்டினாள் புருல். பதினொன்று கேட்டது.

கையை நிறுத்திக் காது கொடுத்தாள். மார்பளவு தோண்டிய பனிக்குழிக்குள் காற்று நுழையவில்லை. பனிச்சறுக்க வந்து மேலே முகட்டில் காத்திருந்த ஐந்து ஜெர்மானியர்கள் தேநீர்க் குடுவையைத் திறந்து மூடும் ஓசையும், அவள் கையுறையின் ஈரக் கம்பளியிலிருந்து கிளம்பிய ஆட்டுவாடையும் தவிர வேறெதுவும் இல்லை. எதிரொலி என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் பனி ஒலியை விழுங்கும், திருப்பித் தராது என்று அவளுக்குத் தெரியும்.

வெட்டி நிறுத்திய பனித்தூணின் தலைமேல் மண்வெட்டியின் தகடு கிடந்தது. மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டலில் தூண் உடைகிறதோ, சரிவு அவ்வளவுதான் தாங்கும். முழங்கையிலிருந்து முதல் தட்டலைப் போட்டாள். தூணின் மேல்பாதி மேசை இழுப்பறை போல வழுக்கி வந்து அவள் வயிற்றில் மோதியது. அடியில் சர்க்கரையாக உதிரும் பழைய பனி.

பதினொன்று. நோட்டில் 11 என்று எழுதினாள். போன பிப்ரவரியிலும் இதே சரிவு, இதே எண்.

"என்னம்மா, குதிரைக்கறியே வெந்திருக்கும். இன்னும் ஒரு குழி முடியலையா?"

சறுக்குக்கட்டைகளோடு விளிம்பில் வந்து நின்றான் ஜோல்தோஷ். அக்கா சைராவின் கணவன், குழுவை நடத்துபவன்.

"பதினொண்ணு, அத்தான். இறங்கக் கூடாது."

"பிஷ்கெக்லேர்ந்து எட்டு மணி நேரம் ஜீப்புல குலுங்கி வந்திருக்காங்க. கூடாதாம்ல! கொண்டா இங்க."

நோட்டைப் பிடுங்கி, பென்சிலால் முதல் ஒன்றின் தலையை வளைத்து, காலை நீட்டினான். இருபத்தொன்று.

போன வருடமும் இப்படித்தான் வளைத்தான். அன்று கடைசியாக இறங்கிய சைராவைப் பனிச்சரிவு மூடிவிட்டது. விசாரிக்க வந்தவர்கள் நோட்டில் இருபத்தொன்றைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். புருல் வாயைத் திறக்கவில்லை. அக்காவின் பிள்ளைகள் இருவருக்கும் அவன் வீடுதான் போக்கிடம். ஜூனில் பனி உருகி அக்காவின் உடல் கிடைத்தபோது அதைக் கழுவியவள் புருல்தான். வலதுகையின் விரல்முட்டிகளில் தோல் இல்லை.

"அந்தக் கையப் பாத்தியா நீ?" அத்தான் என்று வாயில் வரவில்லை. "அக்கா எவ்வளவு நேரம் தட்டியிருப்பான்னு ஒரு நாளாவது நெனச்சியா?"

"செத்தவள இழுக்காத. வந்தவங்க காதுல விழப்போகுது." நோட்டையும் பென்சிலையும் குழிக்குள் எறிந்தான். "எப்படித் தாங்குதுன்னு பாரு."

சரிவின் நடுவுக்குப் போய் இரண்டு காலாலும் குதித்தான். பனி அசையவில்லை. முகட்டில் யாரோ கைதட்டினார்கள். அவன் சிரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

தும்.

அவன் காலுக்கு அடியில். சறுக்குக்கட்டையின் நுனி துள்ளியது. தும். அவசரமில்லாமல், மணிக்கட்டிலிருந்து. மூன்று. நான்கு. அவன் நகரவில்லை. நகர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவன். ஏழு. எட்டு.

"புருல்." குரலுக்குப் பதில் காற்றுதான் வந்தது. "மாத்திடும்மா. பதினொண்ணுன்னே எழுதிடு."

பென்சிலை எடுத்தாள். ஒன்பது. முனை தாளைத் தொட்டது. பத்து.

அவள் எழுதவில்லை.

தும்.

வெள்ளைச் சரிவின் குறுக்கே, அவள் குழிக்குக் கீழே, கத்தரி ஓடியது போல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழிருந்த பனி அவனையும் வாரிக்கொண்டு சரிந்தது.

எல்லாம் அடங்கியபின் அவள் கீழே இறங்கினாள். அவன் உடம்பில் கட்டியிருந்த கருவி சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தது. அவள் கருவி ஒன்றரை மீட்டர் ஆழம் என்று காட்டிய இடத்தில் மண்டியிட்டாள். உயரத்தில் ஜெர்மானியர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பனிக்கடியில் தட்டல். வேகமாக, தாறுமாறாக, முஷ்டியால். அவன்.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. நிதானமாக.

ஒன்று. இரண்டு.

புருல் மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.