கார்னேஷன் வைத்தவன் யார்?

"அர்லேத் மேடம் மேடையேற மாட்டேங்கறாங்க. அவங்க அறையில யாரோ கார்னேஷன் பூ வச்சுட்டாங்க."

நாடக முதலாளி ரொபியார் மூச்சிரைக்கச் சொன்னதும், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் தெல்க்ரோ வெங்காய சூப்பை நகர்த்திவிட்டு எழுந்தார். பாரிஸ் நாடகக்காரர்களிடம் ரோஜா கொடுத்தால் வாழ்த்து. கார்னேஷன் கொடுத்தால், உன் கதை முடிந்தது, மூட்டையைக் கட்டு என்று பொருள். சினிமாவில் கொடிகட்டிப் பறந்துவிட்டு, ஐம்பது வயதில் பயந்து பயந்து மேடைக்குத் திரும்பும் நடிகைக்கு முதல் நாளே இந்தப் பூ. நெஞ்சில் ஈரமுள்ளவன் செய்யும் காரியமா?

கூடவே ஓடிவந்தார் மருந்துக்கடை மத்தூரன். துப்பு என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அர்லேத் ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எல்லாம் ஜெர்மேன் வேலை. இந்த வேஷம் அவளுக்கு வரவேண்டியது. ஒண்ணு அவளை அனுப்புங்க, இல்ல நான் கிளம்பறேன்."

"சத்தியமா நான் வைக்கல, மேடம்," என்று வாசலில் நின்ற துணைநடிகை ஜெர்மேன் அழுதாள்.

தெல்க்ரோ பூக்களைப் பார்த்தார். காம்புகள் சாய்வாக வெட்டப்பட்டிருந்தன. ஜாடி நிறையத் தண்ணீர். கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகளின் சூடு படாமல் ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. பிறகு வாயில்காப்போன் அன்செல்மைக் கூப்பிட்டார்.

"ஒருத்தர் பூவோட வந்தாருங்க. ரொம்ப நாள் பார்த்த முகம், அதனால ஒண்ணும் கேட்கல. பேருதான் ஞாபகம் வரல. திரும்பிப் போறப்ப விசிலடிச்சுக்கிட்டே போனாரு. கொட்டகைக்குள்ள எவனாவது விசிலடிப்பானா? வாயை மூடிக்கிட்டு வெளிய போய்யான்னு திட்டி அனுப்பினேன்."

"அப்போ யாரோ பழைய நடிகன். வயித்தெரிச்சல்," என்றார் மத்தூரன்.

"நடிகன் செத்தாலும் இங்க விசிலடிக்க மாட்டான், அபசகுனம்," என்றார் தெல்க்ரோ. "அதுகூடத் தெரியாதவனுக்குக் கார்னேஷன் சங்கதி மட்டும் எப்படித் தெரியும்? அவமானப்படுத்த வந்தவன் காம்பு வெட்டி, தண்ணி ஊத்தி, சூடு படாம வைப்பானா? ஆசையாத்தான் வாங்கிட்டு வந்திருக்கான்."

"அன்செல்முக்கு முகம் தெரிஞ்சிருக்கே?" என்றார் மத்தூரன்.

"தெரியாம என்ன? ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டர்ல பார்த்த முகம்." தெல்க்ரோ கண்ணாடியைக் காட்டினார். "உங்க முகம், மேடம். உங்களுக்கு மகன் உண்டா?"

அர்லேத்தின் கையிலிருந்த பஞ்சு நின்றது.

"தியெரி. என் தங்கச்சிகிட்ட வளர்ந்தான். இந்தத் தொழில் காத்துகூட அவன்மேல படக்கூடாதுன்னு நான்தான் தள்ளி வச்சேன். அதுல கோவிச்சுக்கிட்டுப் பேச்சையே நிறுத்திட்டான்." ஜெர்மேனின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோம்மா. வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். அவன் இப்ப எங்க இருப்பான்?"

"பூ வாங்கினவன் டிக்கெட் வாங்காமலா இருப்பான்?"

அர்லேத் மறுபடி ஒப்பனைப் பெட்டியைத் திறந்தார். மத்தூரன் அரங்குக்குள் ஓடினார். அதே மூக்கு, அதே தாடை. நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்தவனை ஒரே பார்வையில் கண்டுபிடித்து, பக்கத்து இருக்கையில் அமர்ந்தார்.

விளக்குகள் அணைந்தன. நாடகம் தொடங்கும் அடையாளமாக, மேடைப் பலகையில் கோலால் மூன்று முறை தட்டினார்கள். தியெரி சட்டென்று எழுந்துவிட்டான்.

"உட்காருங்க தம்பி, ஏன் எழுந்தீங்க?"

"யாரோ கதவைத் தட்டறாங்களே."

அதற்குள் திரை விலகிவிட்டது. அத்தனை பேர் உட்கார்ந்திருந்த அரங்கில் அவன் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தான். அர்லேத் தன் முதல் வசனத்தை அவனைப் பார்த்தே சொன்னார்.