ஏழரை மணிக்கு அறுந்த இணைப்பு

றொபின்சன் ஒரு மளிகைக்கடைப் பையோடு வந்தான். பைக்குள் இரண்டு கொம்பு முளைத்த கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. வீடு முழுவதும் கம்பியில்லாமல் இணையம் தரும் றவுட்டர் அது. அதை மேசையில் வைத்துவிட்டு, பனி ஒட்டிய சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "அண்ணை, இதில கைரேகை எடுக்கேலுமோ?" என்று கேட்டான்.

பேரின்பநாதன் சிரிக்கவில்லை. அவர் இலங்கையில் தொலைபேசித் திணைக்களத்தில் பதினெட்டு வருடம் லைன் பழுது தேடியவர். இப்போது கனடாவில், புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் வேலை. மொன்றியல் தமிழர்கள் தொலைந்த சங்கிலியையும் தொலைந்த மருமகனையும் தேட அவரிடம்தான் வருவார்கள். பக்கத்தில் டாக்சி ஓட்டும் மரியதாசன் இருந்தான். பேரின்பநாதனுக்கு வாகனமும் அவன்தான், வாயும் அவன்தான்.

"ஆற்ற கைரேகை வேணும்?" என்றார் பேரின்பநாதன்.

"என்ர மனிசி சிசிலியின்ர."

மரியதாசன் தேத்தண்ணீரைக் கீழே வைத்தான்.

றொபின்சன் சொன்ன கதை இதுதான். தம்பி யோசெப் மன்னாரில் இருந்தான். தொலைபேசியில் பேசினால் ஒட்டுக்கேட்பார்கள் என்று பயந்து, சனிக்கிழமைகளில் மாலை ஆறு மணிக்கு அங்கே ஒரு இன்ரநெற் கடைக்கு வருவான். இங்கே அது காலை ஏழரை. இருபது நிமிடம்தான் இருப்பான். அதற்குமேல் இருந்தால் சோதனைச் சாவடி தாண்டி வீடு போகமுடியாது. அவனுக்காகவே நவம்பரில் இந்தப் பெட்டியை வாங்கினார்கள். ஆறு சனிக்கிழமைகளில் ஐந்து தடவை, அவன் முகம் தெரிந்த கையோடு இணைப்பு அறுந்தது. அவன் போனபிறகு எட்டு மணிக்குள் தானாகத் திரும்பி வந்தது.

"சனிக்கிழமை, ஏழரை! ஏழரைச் சனியெண்டு சைவக்காரர் சும்மாவே சொல்லுறவை?" என்றான் மரியதாசன்.

"கடைசி நாள், 'அண்ணா, நான் இடம் மாறுறன், விலாசத்தை எழுதிக்கொள்' எண்டான். நான் பேனையை எடுக்கிறன், படம் நிண்டிட்டுது. மூண்டு கிழமையாச்சு. பழைய வீட்டில ஆளில்லை. எங்க போய் விசாரிக்கிற எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, அண்ணை."

"சிசிலியில ஏன் சந்தேகம்?"

"யோசெப்பை ஸ்பொன்சர் பண்ணி இஞ்ச கூப்பிடுறதில எங்களுக்குள்ள சண்டை. பெட்டி நிண்ட நேரமெல்லாம் நான் ஓடிப்போய்ப் பாத்தன், ரண்டு தரம் அவள் அதில கை வைச்சபடி நிண்டவள். ஒழுங்கா வேலை செய்த ஒரே ஒரு சனிக்கிழமை அவள் வேலைக்குப் போயிட்டாள். இனி என்ன அண்ணை வேணும்? இந்தச் சனிக்கிழமை அவளின்ர தமையன் வந்து ரொறொன்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு போறார். போகட்டும்."

பேரின்பநாதன் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினார்.

"நீர் ஓடிப்போய்ப் பாக்கேக்க பெட்டியில லைற் எரிஞ்சதோ?"

"நாலும் பச்சையா எரிஞ்சது."

"அந்த ஒரு நல்ல சனிக்கிழமை, வேற என்ன வித்தியாசம்?"

"ஒண்டுமில்லை. ஆத்துக்கு அங்கால லொங்குய்யில இருக்கிற பெரியம்மா கலியாணத்துக்குப் போனவ. அதால அண்டைக்கு அம்மா செபமாலை சொல்லேல்லை. மற்றச் சனிக்கிழமையெல்லாம் ஒவ்வொரு செபத்தையும் பெரியம்மா தொடங்க அம்மா முடிப்பா. யோசெப் றோட்டில போய் வாற நேரம் முழுக்கச் சொல்லுவா. அவன்ர முகத்தைப் பாத்தா அழுதிடுவன் எண்டு கொம்பியூட்டருக்குக் கிட்ட வரமாட்டா."

"பெட்டியைக் கொண்டுபோய் இருந்த இடத்தில இருந்தபடி வையும். சனிக்கிழமை வாறம்."

சனிக்கிழமை காலை கர்க்லாண்டில் றொபின்சன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மரியதாசன் வழக்கை முடித்துக்கொண்டே வந்தான். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரன் இணையத்தைத் திருடுகிறான் என்றான். கடவுச்சொல் போட்டிருக்கிறார்கள் என்றார் பேரின்பநாதன். அப்படியென்றால் சிசிலிதான் என்றான். "லைற் எரிஞ்சதே, மரியதாசன். பிளக்கைக் கழட்டினா லைற் அணையும். திரும்பப் பூட்டினா எல்லாம் ஒழுங்காக ஒண்டு ரண்டு நிமிசம் எடுக்கும்" என்றார் அவர். அதற்குப் பிறகு பிரதான வீதி வரும்வரை அவன் பேசவில்லை. அவனுக்கு அது பெரிய சாதனை.

வீட்டு வாசலில் சிசிலியின் சூட்கேஸ் தயாராக நின்றது. அவள் அழுது முடித்த முகத்தோடு கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை" என்றாள். வரவேற்பறையில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒரு தட்டு. அதில் மெழுகுதிரி, றவுட்டர், அதை ஒட்டி, கையில் எடுத்துக்கொண்டு நடக்கக்கூடிய கோட்லெஸ் போனின் அடித்தளம். றவுட்டரை மூடிப் பின்னல் துணி ஒன்று கிடந்தது.

"மாமி மூடிவிடுறவ, தூசி படுமெண்டு. சுடுகுதெண்டு நான் எடுத்துவிடுவன். அதுக்குத்தான் கை வைச்சனான். இவர் நம்புறாரில்லை" என்றாள் சிசிலி.

பேரின்பநாதன் தட்டை நன்றாகப் பார்த்தார். போனின் அடித்தளம் இருந்தது; கையில் எடுத்துப் பேசும் துண்டு அதில் இல்லை. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் இரண்டு லப்ரொப்புகளை வைக்கச் சொன்னார். ஒன்று கம்பியில்லாமல் ஓடியது. மற்றதை, பின்னல் துணியை நீக்கி, கொண்டுவந்த நீளக் கம்பியால் நேரே றவுட்டரில் செருகினார். இரண்டிலும் இணையத்திலிருந்து ஒரு படத்தை ஓடவிட்டார். றொபின்சனையும் சிசிலியையும் தன் இரு பக்கமும் உட்காரவைத்தார். "ஒருத்தரும் எழும்பக்கூடாது."

ஏழரை. றொபின்சனின் அம்மா அருளம்மாவின் அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்சநேரத்தில் உள்ளேயிருந்து செபமாலையின் முணுமுணுப்பு எழுந்தது.

முதல் லப்ரொப்பில் படம் உறைந்து நின்றது. இணைப்பு இல்லை. கம்பியில் செருகிய இரண்டாவது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. தட்டில் நாலு பச்சை விளக்கும் எரிந்தன. சிசிலி நாற்காலியில் கைகட்டி இருந்தாள்.

"அப்ப ஆர்?" றொபின்சன் எழுந்துவிட்டான்.

பேரின்பநாதன் குரலைத் தாழ்த்தினார். "இருங்கோ தம்பி. கம்பியில வாற இணையம் அறேல்லை. பெட்டியும் நிக்கேல்லை. பெட்டிக்கும் லப்ரொப்புக்கும் இடையில, காத்தில போறதுதான் அறுகுது. இந்தப் பெட்டி ஒரு றேடியோ. உங்கட கோட்லெஸ் போனும் றேடியோ. ரண்டும் ஒரே அலைவரிசைப் பக்கம். ஒரே அறையில ரண்டுபேர் ஒரேநேரம் உரக்கக் கதைச்சா மூண்டாவது ஆளுக்கு என்ன விளங்கும்? போன் சும்மா இருக்கேக்க பிழையில்லை. ஆராவது கதைக்கத் தொடங்கினா..."

"இந்த நேரத்தில வீட்டில ஆர் போன் கதைக்கினம்?" என்றான் மரியதாசன்.

"லொங்குய்யில தொடங்க கர்க்லாண்டில முடிக்கிறதெண்டா, நடுவில போன் இல்லாம எப்பிடி? செபமாலையில பத்து மணியா அஞ்சு தரம் சொல்லி முடிக்க இருபது நிமிசம். பெரியம்மா கலியாணத்துக்குப் போன அண்டைக்குப் போனுமில்லை, செபமுமில்லை. அண்டைக்கு மட்டும்தான் யோசெப் முழுக்கக் கதைச்சவன்."

றொபின்சன் மனைவியைப் பார்த்தான். "சிசிலி..."

"பேந்து கதைப்பம். மாமிக்கு இதைச் சொல்லக்கூடாது. அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன். பெட்டி பழுதெண்டு சொல்லுங்கோ" என்றாள் அவள்.

முணுமுணுப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. அறைக் கதவு திறந்திருந்தது. அருளம்மா ஒரு கையில் செபமாலையும் மறு கையில் போனுமாக நின்றாள். போனுக்குள் அவள் அக்காவின் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மேசையில் உறைந்திருந்த படத்தை அவள் பார்த்தாள். போனை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். படம் அசைந்தது.

"அண்டைக்கு ஒருநாள் செபத்தை விட்டதாலதான் பிள்ளைக்கு ஏதோ தீங்கு வந்ததெண்டு, மூண்டு கிழமையா மன்னிப்புக் கேக்கிறன்" என்றாள். குரலில் அழுகை இல்லை. பேரின்பநாதன் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்கள் பொய் சொல்லாத மனிசன் எண்டு கேள்விப்பட்டனான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா, அவன் எங்க இருக்கிறான் எண்டு இண்டைக்குத் தெரிஞ்சிருக்கும். என்ன?"

பேரின்பநாதன் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் முன்னால் உண்மையைச் சொன்னவர். இந்த ஒரு தடவை அது அவருக்கு வெறுத்துப்போனது. உண்மையைக் கண்டுபிடித்த தன்மேலேயே கோபம் வந்தது.

"ஓம், அம்மா" என்றார்.

சிசிலி ஓடிவந்து மாமியைப் பிடித்து, லப்ரொப்பின் முன் இருத்தினாள். அருளம்மா முதல்முறையாகத் திரைக்குக் கிட்ட வந்தாள். யோசெப்பின் பெயர், அவன் இணைப்பில் இல்லை என்று காட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மன்னாரில் ஆறு மணி தாண்டிவிட்டது. இணைப்பு முழுப் பலத்தோடு இருந்தது.

போன் அடித்தது. பாதியில் அறுந்த செபமாலையை முடிக்க லொங்குய்யிலிருந்து அக்காதான் கூப்பிடுகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. றொபின்சன் கை நீட்டினான்.

"எடாதே" என்றாள் அருளம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவன் வந்தாலும் வருவான்."

போன் நெடுநேரம் அடித்து ஓய்ந்தது.