சுத்தமான புண்

புண் சுத்தமாக இருந்தது. அதுதான் பொன்மணிக்கு முதலில் உறுத்தியது.

பக்கவாதம் வந்து இடப்பக்கம் முழுக்க மரத்துப்போன புருஷன் அறிவை, சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய அந்த ஓரறை வீட்டில் அவள்தான் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். அவனுடைய இடது இடுப்பில் படுக்கைப் புண் விழுந்து, ஒரு எலுமிச்சம்பழம் உட்காரும் அளவுக்குக் குழித்திருந்தது. காலையில் கட்டைப் பிரித்தால் சீழும் அழுகல் வாடையும் முகத்தில் அடிக்கும். இப்போது சில நாட்களாக வாடையே இல்லை. குழியின் உட்புறம் யாரோ கழுவித் துடைத்துவிட்டதுபோல் இளஞ்சிவப்பாக மின்னியது. கட்டுத்துணி மட்டும் அவிழ்ந்து, நனைந்து, காலடியில் சுருண்டு கிடந்தது.

கட்டுப் போட வரும் நர்ஸ் ஷண்முகப்ரியாவுக்குச் சந்தோஷம். புது மருந்தா அக்கா என்று கேட்டாள். பழையதுதான் என்றாள் பொன்மணி. குழியைச் சுற்றித் தோலில் சின்னச் சின்ன வட்டங்கள் பதிந்திருந்ததை நர்ஸ் குனிந்து பார்த்தாள். பிளாஸ்திரி பிடித்த தடமாக இருக்கும் என்று தானே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கட்டிலின் தலைமாட்டில் மீன் தொட்டிகள். ஆட்டோ ஓட்டிய காலத்தில் அறிவு ஆசையாக ஆரம்பித்தது. வளர்ப்பு மீன் கடைகளில் சக்கர் என்று சொல்லும் பிளெக்கோ மீன்கள். கறுத்துத் தடித்த ஓடுபோன்ற உடம்பு, வயிற்றுப் பக்கம் உறிஞ்சிப் பிடிக்கும் வாய், ஆண்மீனுக்கு மூக்கைச் சுற்றி மீசைபோல முளைத்த சதை. பெண்மீன் மண்குழாய்க்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன்பிறகு ஆண்மீன்தான் இரை எடுக்காமல், துடுப்பால் விசிறிக்கொண்டே குஞ்சு பொரியும்வரை காவல் கிடக்கும். பிள்ளையில்லாத அறிவு அதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் படுத்த பிறகு தொட்டிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவள் சொன்னபோது, கோணிய வாயோரம் எச்சில் வழிய, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டி அழுதான். அதனால் வைத்திருந்தாள்.

ஆனால் மீன்கள் சாப்பிடவில்லை. கல்லைக் கட்டி அமிழ்த்திய வெள்ளரித் துண்டுகள் மறுநாள் அப்படியே ஊறிக் கிடந்தன. சுரண்டும் சத்தம் மட்டும் ஓயவில்லை. உப்புத்தாளை மரத்தில் மெல்லத் தேய்ப்பதுபோன்ற, வழக்கமாகத் தொட்டிக்குள்ளிருக்கும் மரக்கட்டையை மீன்கள் வாயால் சுரண்டும்போது வரும் சத்தம். ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய்க் கண்ணாடியில் காதை வைத்தாள். தொட்டிக்குள் காற்றுக்குமிழிகளின் சலசலப்புதான் கேட்டது. சுரண்டல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பியபோது அறிவு கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொன்னு, இடுப்பு தெரியுதுடி," என்று குழறினான்.

"இன்னாய்யா சொல்ற?"

"குறுகுறுன்னு கீது. உள்ள."

மரத்த இடத்தில் உணர்ச்சி வந்துவிட்டது என்று அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நர்ஸுக்குப் போன் செய்து சொன்னாள். நல்ல அறிகுறி என்றாள் அவளும். அன்றைக்குச் சாமி படத்துக்கு வாங்கிப் போட்ட மல்லிகையின் வாசனையோடு, எங்கிருந்தோ ஆற்றுச் சேற்றின் வாடையும் வீட்டுக்குள் கலந்து நின்றது. அது கட்டிலில் இருந்துதான் வருகிறது என்று மனம் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சடசடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. தொட்டிகளின் காற்று மோட்டார் நின்றது. மழையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது.

சுரண்டல் இல்லை.

முதல் தடவையாக, சுரண்டல் இல்லை.

செல்போன் டார்ச்சை அடித்துத் தொட்டியைப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு மீனும் ஒட்டியிருக்கவில்லை. அடுத்த தொட்டியிலும் இல்லை. மண்குழாயைத் தூக்கிப் பார்த்தாள். காலி. தரையில் வழவழவென்று ஈரத் தடம் கட்டில்வரை போயிருந்தது.

குனிந்தாள். கட்டிலுக்கு அடியில் பெரிய ஆண்மீன் கிடந்தது. மீசை விறைத்து, உடம்பு காயத் தொடங்கியிருந்தது. அதன் பக்கத்தில் மற்றவை. எல்லாமே செத்திருந்தன.

"யோவ், இன்னாய்யா இது?"

அவன் வலப்பக்கமாகப் படுத்திருந்தான். போர்வை இடுப்பின்மேல் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு என்று நினைத்தாள். மூச்சு இல்லை. மூச்சு நெஞ்சில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

போர்வையை இழுத்தாள்.

குழி நிறைந்திருந்தது. ஆரஞ்சு நிறத்தில், பட்டாணி பட்டாணியாக, ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைகள். டார்ச் வெளிச்சம் பட்டதும் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி புரண்டது. கண்கள்.

வாயைப் பொத்திக்கொண்டாள். பஞ்சை எடுத்தாள். அள்ளி எறிந்துவிட வேண்டும். கை கிட்டே போனது.

அவனுடைய இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அசையவே அசையாத கை. குளிர்ந்திருந்தது. சொரசொரவென்று, ஓடுபோல.

"லைட்ட அணை பொன்னு," என்றான் அறிவு. குழறவில்லை. "நம்ம புள்ளைங்க."

பிறகு அவளை விட்டுவிட்டு, விரல்களை விரித்துக் குழியின்மேல் குவித்து, விசிறத் தொடங்கினான். மெதுவாக. நிற்காமல். சாப்பாடு இல்லாமல், தூக்கம் இல்லாமல், பொரியும்வரை விசிறப்போகிறவனைப்போல.